புல்தரை மறுவிதைப்புக்குப் பவர் ஹாரோ: அகலத்தைப் பார்ப்பதா, உருளையைப் பார்ப்பதா?

கேள்வி: எங்கள் பண்ணையில் ஏறத்தாழ 30 ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் உள்ளது. பழைய புல் மெலிந்து களை ஏறிவிட்டதால், ஆண்டுக்கு 4 ஹெக்டேர் வீதம் ரைகிராஸ் புல்லும் வெள்ளை குளோவர் என்னும் பயறுவகைத் தீவனச் செடியும் கலந்து மறுவிதைப்புச் செய்ய எண்ணுகிறோம். மண் பெரும்பாலும் களி கலந்தது. ஒரு பகுதியில் கல் அதிகம். எங்களிடம் 100 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருக்கிறது. 3 மீட்டர் அகலத்தில் இரண்டு பவர் ஹாரோக்கள் (டிராக்டரில் பூட்டி மண்ணைப் பொடியாக்கும் கருவி) பார்த்துவைத்திருக்கிறோம். ஒன்று புதியது, இலகுவானது, பின்னால் கம்பிக்கூட்டு உருளை கொண்டது. மற்றது பல ஆண்டுகள் ஓடியது, கனமானது, பல் வைத்த பேக்கர் உருளை கொண்டது. எதை வாங்கலாம்? உழாமல் நேரடியாகப் புல்தரையிலேயே அதை இறக்கலாமா? விதைப்பெட்டியையும் சேர்த்துப் பூட்டிக்கொள்ளலாமா?

பதில்: இரண்டில் ஒன்று என்றால், உட்பாகங்கள் நல்ல நிலையில் இருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு, அந்தக் கனமான பழைய இயந்திரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். அதற்கு முதற்காரணம் அதன் உருளை. இரண்டாவது காரணம் உங்கள் நிலத்துக் கல். உயிருள்ள புல்தரையில் நேரடியாக இறக்குவது பற்றிய கேள்விக்கு விடை ‘கூடாது’ என்பதுதான். விதைப்பெட்டியைப் பொறுத்தவரை, காற்றின் விசையால் விதையைக் குழாய்வழியே தள்ளும் சிறிய காற்றுவழி விதைப்பெட்டி உங்களுக்குப் பொருந்தும்.

பவர் ஹாரோவில் 3 மீட்டர் அகலத்துக்குப் பெரும்பாலும் 10 அல்லது 12 சுழலிகள் இருக்கும். ஒவ்வொன்றும் செங்குத்து அச்சில் சுழலும். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு கத்திகள் தொங்கும். பக்கத்துப் பக்கத்துச் சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால், நடுவில் அகப்படும் மண்கட்டிகள் மோதி உடைகின்றன. கிடைமட்ட அச்சில் சுழலும் ரோட்டாவேட்டரோ மண்ணை வெட்டிப் பின்னால் எறிந்து கலக்கும். பவர் ஹாரோ அப்படிச் செய்வதில்லை. மண் அடுக்கைப் புரட்டாமல், இருந்த இடத்திலேயே கிளறிப் பொடியாக்குகிறது. ஈரக் களிமண்ணில் ரோட்டாவேட்டரின் கத்திகள் அடியில் இழைத்து உண்டாக்கும் வழுவழுப்பான கெட்டி அடுக்கு இதில் பெரும்பாலும் உண்டாவதில்லை. புதைந்துகிடக்கும் களை விதைகளும் கற்களும் மேலே வருவது குறைவு. மறுவிதைப்புக்கு இந்தக் கருவியை விரும்புவதற்கு இவைதாம் காரணங்கள்.

ஆனால் இதே அமைப்புதான் அதன் எல்லையையும் தீர்மானிக்கிறது. செங்குத்தாகத் தொங்கும் கத்தி உடைக்கவல்லது, வெட்டவல்லதன்று. பல ஆண்டுகள் மேய்ச்சலில் இருந்த தரையின் மேல் 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை வேர்ப்பின்னல் பாய்போல் இறுகியிருக்கும். உயிரோடிருக்கும் அந்தப் பின்னலுக்குள் கத்தியை இறக்கினால் அது பொடியாவதில்லை. கிழிந்து பற்றை பற்றையாக உருளும், சமன் பலகையின் முன் குவியும், உருளையின் மேல் ஏறும். எத்தனை தடவை ஓட்டினாலும் பற்றைகள் சிறுக்குமே தவிர விதைக்கத்தக்க மண்ணாகாது. எனவே, இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னர், பழைய புல்லை எவ்வாறு அகற்றப்போகிறீர்கள் என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

அதற்கு நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன. மண் ஆழமாகவும் கல் குறைவாகவும் உள்ள பகுதியில், மண் புரட்டும் கலப்பையால் உழுது பழைய புல்லை முழுவதுமாகப் புதைத்துவிட்டு, அதன் மேல் பவர் ஹாரோவை ஓட்டலாம். இந்த வழியில் விதைப்படுகை சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் மேலடுக்கில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாஸ்பரசும் சுண்ணாம்புச் சத்தும் கீழே போய்விடும் என்பதால், உழுத பின் மண் பரிசோதனை செய்து அவற்றை ஈடுசெய்ய வேண்டியிருக்கும். கல் அதிகமுள்ள பகுதியில் உழுதால் அடியிலுள்ள கல்லெல்லாம் மேலே வரும். அங்கே புல்லை ஒட்ட மேயவிட்டு அல்லது வெட்டி, அது துளிர்த்து இலை விட்ட பின் அங்கீகரிக்கப்பட்ட களைக்கொல்லியை அதன் உறையில் உள்ள அளவிலும் முறையிலும் தெளித்து, வேர் வரை காய்ந்த பிறகு மேலடுக்கை மட்டும் கிளறுவது நல்லது. இந்த முறையில் முதல் ஓட்டத்தை 3 அல்லது 4 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்தி, காய்ந்த வேர்ப்பின்னல் சிதைந்த பின்னரே ஆழத்தைக் கூட்ட வேண்டும். வட்டத் தட்டுகளால் மண்ணை வெட்டும் டிஸ்க் ஹாரோவை ஒரு தடவை குறுக்காக ஓட்டிவிட்டுப் பவர் ஹாரோவை இறக்கினால் வேலை பாதியாகக் குறையும். அழுகும் புல் அமிலத்தை உண்டாக்கி இளம் முளையைத் தாக்கும் என்பதால், கிளறும்போதே சுண்ணாம்பு இடுவதும் இந்த வழியில் கட்டாயம் என்றே கொள்ளுங்கள்.

புல் விதைக்கு எத்தகைய மண் வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி நடந்தால், இயந்திரத்தின் எந்தப் பாகம் முக்கியம் என்பது தானே விளங்கிவிடும். ரைகிராஸ் விதை ஒன்றின் எடை சுமார் 2 மில்லிகிராம். வெள்ளை குளோவர் விதை அதில் மூன்றில் ஒரு பங்குதான். ரைகிராஸ் 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆழத்திலும், குளோவர் 10 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் விழ வேண்டும். அதற்குக் கீழே விழுந்த விதையில் உள்ள சேமிப்புச் சத்து, முளை வெளிச்சத்தைக் காணும் முன்பே தீர்ந்துவிடும். மேல்மண் பொலபொலவென்று தளர்ந்திருந்தால் விதை எவ்வளவு ஆழம் போகும் என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. அடியிலிருந்து ஈரமும் மேலேறி வராது. ஆகவே புல்லுக்கு வேண்டியது மேலே மெல்லியதாகப் பொடிந்து அடியில் இறுகிய படுகை. நிலத்தில் நடந்தால் குதிகாலின் தடம் லேசாகப் பதிய வேண்டும். செருப்பு புதையுமளவு இறங்கினால் இன்னும் இறுக்க வேண்டும் என்று பொருள். மண்ணைப் பொடியாக்குவது எந்தப் பவர் ஹாரோவாலும் முடியும். இறுக்குவது உருளையின் வேலை. அதனால்தான், வாங்குவோர் கடைசியாகப் பார்க்கும் உருளையை முதலில் பாருங்கள் என்று சொல்கிறேன்.

கம்பிக்கூட்டு உருளை எடை குறைவு. உலர்ந்த, மணற்பாங்கான நிலத்தில் அது தன் வேலையைச் செய்துவிடும். களிமண்ணில் சற்று ஈரம் இருந்தாலே கம்பிகளுக்கிடையே மண் அப்பி, உருளை சுழலாமல் இழுபடத் தொடங்கும். கல் உள்ளே புகுந்து சிக்கினால் கம்பி வளையும். பல் வைத்த பேக்கர் உருளை மூடிய எஃகு உருளையாகும். அதன் மேல் வரிசை வரிசையாகப் பற்கள் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஒரு சுரண்டி நின்று மண்ணை வழித்துக்கொண்டே வரும். ஈரத்திலும் அது சுழலும். முழு அகலத்தையும் ஏறக்குறைய ஒரே சீராக இறுக்கும். ரப்பர் வளையமும் சரிவக வடிவ எஃகு வளையமும் கொண்ட உருளைகளும் விற்கின்றன. அவை வரிசை வரிசையாகப் பட்டைகளை இறுக்குபவை. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு விதைக்கொழு இறங்கும் தானிய விதைப்புக்கு அவை மிகச் சிறந்தவை. புல் விதையை நாம் பரவலாகத் தூவுகிறோம் என்பதால், பட்டைக்கு வெளியே விழும் விதை தளர்ந்த மண்ணில் கிடக்கும். தானியமும் விதைக்கும் பண்ணைக்காரர் அவற்றை வாங்குவதில் நியாயம் உண்டு. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. பேக்கர் உருளையே போதும் என்று இருந்துவிடவும் கூடாது. விதைத்த பின் தனியாக ஒரு கனமான நில உருளையை ஓட்டி அழுத்துவது எப்போதும் பயன் தரும்.

அடுத்தது அகலமும் ஆற்றலும். 3 மீட்டர் இயந்திரத்துக்கு 100 குதிரைத்திறன் போதும். ஆனால் ஈரக் களியில் முழு ஆழத்தில் ஓட்டினால் மிச்சம் வைத்திருக்க எதுவும் இராது. இரண்டரை மீட்டர் எடுத்தால் டிராக்டருக்கு எளிதாக இருக்கும் என்பது உண்மை. ஆயினும், உங்கள் டிராக்டரின் பின்சக்கரங்களின் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை அளந்து பாருங்கள். அது 2.3 மீட்டரைத் தாண்டினால், இரண்டரை மீட்டர் ஹாரோ சக்கரத் தடத்தை அரைகுறையாகத்தான் மூடும், வளைவுகளில் மூடாது. எனவே 3 மீட்டரே வைத்துக்கொண்டு, ஆழத்தையும் வேகத்தையும் அடக்கி ஓட்டுவதே சரி.

வேகம் பற்றிச் சிறு கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏனெனில் பலர் இயந்திரத்தின் மேல் சுமத்தும் குறை உண்மையில் வேகத்தின் குறை. சுழலி நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால் நொடிக்கு 5 சுற்று. இரண்டு கத்திகள் என்பதால் நொடிக்கு 10 முறை கத்தி மண்ணில் அடிக்கும். டிராக்டர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் நகரும். அதாவது, ஒவ்வொரு கத்தியடிக்கும் 14 சென்டிமீட்டர் மண். வேகத்தை 7 கிலோமீட்டராக்கினால் அது 19 சென்டிமீட்டராகிக் கட்டிகள் உடையாமல் தப்பும். மூன்றரைக்குக் குறைத்தால் 10 சென்டிமீட்டருக்கும் கீழே வந்து மண் மாவாகிவிடும். மாவான களிமண் மேல் ஒரு மழை பெய்தால் மேலோடு இறுகி முளையைத் தடுக்கும். சுழலி வேகத்தை மாற்ற வசதியாகப் பல்சக்கரங்களை இடம் மாற்றிப் போடத்தக்க கியர் பெட்டி இருந்தால், கல் பகுதியில் சுழற்சியைக் குறைத்தும் உழுத களியில் கூட்டியும் ஓட்டலாம். பழைய இயந்திரத்தில் அந்த வசதி உண்டா என்று விசாரியுங்கள். பி.டி.ஓ. (டிராக்டரின் பின்னால் சுழன்று கருவிக்கு ஆற்றல் தரும் தண்டு) நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கென வடிவமைத்த இயந்திரத்தை எரிபொருள் மிச்சம் என்று எண்ணி 540-இல் ஓட்டக் கூடாது. அதே வேலைக்குச் சுற்று குறைந்த அளவுக்குத் தண்டின் மீது முறுக்குவிசை ஏறும்.

கல்லுக்கு வருவோம். கல் நிலத்தில் பவர் ஹாரோ ஓட்டுவது கத்தியைத் தின்னக் கொடுப்பதுதான். அதைத் தவிர்க்க வழியில்லை, சேதத்தைக் கத்தியோடு நிறுத்தலாம். அதற்கு முதலில் வேண்டியது, பி.டி.ஓ. தண்டில் தானே விடுபடும் கேம் கிளட்ச். கல் சிக்கிச் சுழலி நின்றால் அது தொடர்பைத் துண்டிக்கும். சுற்றைக் குறைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். சுமை மீறினால் தானே உடைந்து மற்றப் பாகங்களைக் காக்கும் வெட்டுப் போல்ட் மட்டும் இருக்கும் இயந்திரத்தில், கல் நிலத்தில் அடிக்கடி இறங்கிப் போல்ட் மாற்ற நேரிடும். பொறுமை இழந்தவர்கள் அதைவிடக் கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடுவார்கள், அடுத்து உடைவது பல்சக்கரமாக இருக்கும். கத்தியைப் போல்ட்டுக்குப் பதில் ஓர் ஊசியைக் கழற்றி நொடியில் மாற்றும் அமைப்பு சில இயந்திரங்களில் உண்டு. அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் வாங்கும் முடிவை அதை வைத்து எடுக்க வேண்டியதில்லை.

கத்தியின் சாய்வை மட்டும் கவனியுங்கள். சுழலும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்த கத்தி மண்ணையும் பற்றையையும் கீழே அழுத்திக்கொண்டு போகும். முன்னோக்கிச் சாய்ந்த கத்தி தானே மண்ணுக்குள் இறங்கிக் கட்டியையும் வேரையும் கல்லையும் மேலே தூக்கும். உழுது புதைத்த புல்லைத் திரும்ப மேலே இழுத்துவரக் கூடாது என்பதால், புல்தரைக்குப் பின்சாய்ந்த கத்தியே ஏற்றது. பக்கத்துச் சுழலிகள் எதிரெதிராகச் சுழல்வதால் கத்திகளிலும் இடது, வலது என இரு வகை உண்டு. உதிரியாக வாங்கும்போது இரண்டையும் சம எண்ணிக்கையில் வாங்குங்கள்.

சமன் பலகை சுழலிகளுக்கும் உருளைக்கும் நடுவே இருப்பது நல்லது. நம்மூரில் பரம்பு அடிப்பதுபோல அது மண்ணை வாரி மேடு பள்ளத்தை நிரவும். அதன் முன் எப்போதும் சிறிதளவு மண் உருண்டுகொண்டிருக்கும்படி உயரத்தை வைத்தால் போதும். மிகவும் தாழ்த்தினால் டிராக்டரின் ஆற்றல் முழுவதும் மண்ணைத் தள்ளுவதிலேயே போய்விடும்.

விதைப்பெட்டியில் ஒரே ஒரு விஷயத்தில் பிழை நேரக் கூடாது: விதை விழும் இடம். குழாய்களின் வாய், சுழலிகளுக்குப் பின்னால் உருளைக்கு முன்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் விதை மண்ணின் மேல் விழுந்து உருளையால் அழுத்தப்படும். சுழலிகளுக்கு முன்னால் விழுந்தால் கத்திகள் அதைப் பல சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலந்துவிடும். குளோவரை மறந்துவிட வேண்டியதுதான். ஓட்டத்தின் அதிர்வில் சிறிய குளோவர் விதை பெட்டியின் அடியில் சேர்வதால், பெட்டியை நிரப்பி வைக்காமல் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். சிறிய காற்றுவழிப் பெட்டியின் எடை பொருட்படுத்தத்தக்கதன்று. அதற்கு மாறாக, தானியத்துக்கான முழு விதைப்புக் கருவியை ஹாரோவின் மேல் ஏற்றினால் எடை பின்னால் தள்ளிப்போகும். டிராக்டரின் முன் அச்சில் அதன் வெற்று எடையில் 20 விழுக்காடாவது எப்போதும் தங்க வேண்டும் என்பது இயக்கக் கையேடுகள் சொல்லும் பொதுவிதி. கனமான ஹாரோவை மட்டும் தூக்கினாலும் முன் எடைக் கட்டிகள் வேண்டுமா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பழைய இயந்திரத்தைச் சோதிப்பது பற்றி. டிராக்டரை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஹாரோவைத் தாங்கிகள் மேல் உறுதியாக நிறுத்திய பிறகே அடியில் கை வைக்க வேண்டும். நீரியல் தூக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஒவ்வொரு சுழலியையும் கத்தியோடு பிடித்துப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் ஆட்டம் கூடுதலாக இருந்தால் அந்தப் பேரிங் தேய்ந்துள்ளது. எல்லாவற்றிலும் இருந்தால் இயந்திரத்தை விட்டுவிட்டு வந்துவிடலாம், ஏனெனில் எல்லாப் பேரிங்குகளையும் மாற்றும் செலவு இயந்திரத்தின் மதிப்பை நெருங்கிவிடும். பல்சக்கரத் தொட்டியின் எண்ணெயைச் சிறிது எடுத்து வெளிச்சத்தில் காணுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. வெள்ளித் தூள்போல் மின்னினால் உள்ளே உலோகம் அரைபடுகிறது. சில இயந்திரங்களில் எண்ணெய்க்குப் பதில் குழைந்த கிரீஸ் இருக்கும் என்பதால், கையேட்டைப் பார்த்து முடிவுக்கு வாருங்கள். மேய்ச்சல் பண்ணைகளில் ஓடிய இயந்திரத்துக்கென்றே ஒரு நோய் உண்டு: வைக்கோல் கட்டிய கயிறும் வலையும் சுழலித் தண்டில் சுற்றி, ஆயில் சீலுக்குள் புகுந்து அதை அறுத்துவிடும். சுழலிகளின் கழுத்தில் எண்ணெய்க் கசிவும் அதில் ஒட்டிய மண்ணும் இருந்தால் அதுதான் காரணம் என்று ஐயுறலாம். தொட்டியை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கண்ணால் நேர்பிடித்துப் பாருங்கள். நடுவில் தொய்வோ புதிய பற்றவைப்புத் தடமோ இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். உருளையின் இரு முனைப் பேரிங்குகளையும், சுரண்டிகள் உருளையை உரசாமல் ஒட்டி நிற்கின்றனவா என்பதையும் பார்க்க மறக்க வேண்டாம். கத்தி தேய்ந்திருப்பது குறையன்று. அது எளிதில் மாற்றக்கூடியது. விலை பேசும்போது சொல்வதற்கு உதவும்.

இவ்வளவுக்கும் பின்னர் ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலத்தில் 5 கிலோமீட்டர் வேகம் என்றால் மணிக்கு ஒன்றரை ஹெக்டேர். திரும்புவதிலும் ஓடிய தடத்தின் மேலேயே மீண்டும் ஓடுவதிலும் கால்பங்கு கழிந்தால் 1.1 ஹெக்டேர் மிஞ்சும். 4 ஹெக்டேரில் இரண்டு அல்லது மூன்று தடவை ஓட்டினால், ஆண்டில் இந்த இயந்திரம் உழைப்பது ஏழு முதல் பதினொரு மணி நேரம்தான். இதற்குப் புதிய இயந்திரம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாடகைக்கு ஓட்டித் தருபவர் பக்கத்தில் இருந்து, மண் பதமாக இருக்கும் அந்த மூன்று நான்கு நாட்களுக்குள் வந்துவிடுவார் என்ற உறுதியும் இருந்தால், இரண்டையுமே வாங்காமல் விடுவதே சிக்கனம். பதம் தவறிப்போன பின் வருவார் என்றால்தான் சொந்த இயந்திரத்துக்குப் பொருளுண்டு. அந்த நிலையில் பழையது போதும்.

வாங்கும் முடிவுக்கு வந்துவிட்டால், பணம் கொடுக்கும் முன் உங்கள் நிலத்தின் கல் பகுதியிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிறுத்தி, தண்டு ஓய்ந்த பிறகு தொட்டியின் நீளத்தில் ஆங்காங்கே கை வைத்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் மற்றவற்றைவிடச் சுடுகிறது என்றால் அங்கே உள்ள பேரிங்கை மாற்றித் தந்த பிறகே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள். பி.டி.ஓ. தண்டின் நீளத்தையும் அப்போதே உங்கள் டிராக்டரோடு பொருத்திப் பார்த்துவிடுவது நல்லது. ஹாரோவை உயர்த்தித் தாழ்த்தும்போது தண்டின் இரு குழல்களும் முட்டக் கூடாது, மிகவும் விலகி நழுவவும் கூடாது. தண்டின் மேல் பாதுகாப்பு உறை முழுதாக இல்லையென்றால், அதைப் போட்ட பிறகே முதல் ஓட்டம்.